தீப்பெட்டி அளவில் ஓர் அம்மா

12 செப்டம்பர் 2003, வெள்ளி

கோபம் வந்தால் வாயைத் திறக்காதே, எழுது என்று போதகர் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பட்டியல் வாசித்த செயலாளரை ஆலய வாசலில் பிடித்து நாலு கேள்வி கேட்டேன். அதற்குக் கிடைத்த ஆலோசனை இது. "சகோதரி ஐரின், மஸ்கட்" என்று மட்டும் வாசித்தார். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஜாஸ்பர் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே நாகர்கோவிலில் பலருக்கு மறந்துவிட்டது. "ஐரினுக்க மாப்பிள்ள" என்றால் உடனே தெரிகிறது.

அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த டைரி ஒன்றை எடுத்து வந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். கோபம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஐரினோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் விடுப்பில் வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். பால்பவுடர், எங்கள் மகள் பெனிக்கு இரண்டு கவுன், ஒரு கலர் போன், ஒரு சிடி. போனில் கேமராகூட இருக்கிறது. சிடியில் ஐரினின் புதுப் படங்கள். அதில் ஒன்றைப் போனில் ஏற்றிப் பிள்ளைக்குத் தினமும் காட்ட வேண்டுமாம். பெனிக்கு ஒரு வயது ஆகும்போது போனவள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். வரும்போது பிள்ளைக்குத் தன்னைத் தெரிய வேண்டும் என்கிறாள். நியாயம்தான்.

ஆனால் அந்தத் திரை தீப்பெட்டியைவிடச் சின்னது.

14 செப்டம்பர், ஞாயிறு

பெனி இன்று டெய்சி அக்காவை "அம்மா" என்று கூப்பிட்டாள். என் கண்முன்னால்.

டெய்சி அக்கா என் கூடப்பிறந்தவள். அடுத்த வீடு. நான் அச்சகத்துக்குப் போனால் பிள்ளை அங்கேதான் இருக்கும். கையில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றவள்மேல் பாய்ந்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"நான் என்னலே செய்ய? பக்கத்து வீட்டு பிள்ளைகள் அதுகளுக்க அம்மைய அம்மான்னு விளிக்கதக் கேட்டு இவளும் விளிக்கா. அத்தைன்னு சொல்லு மக்ளேன்னு நூறு தடவ சொல்லியாச்சு."

"இன்னும் நூறு தடவ சொல்லு."

"ஏசாதலே. அம்மைய காட்டாம அம்மைன்னா ஆருன்னு பிள்ளைக்கு எப்பிடி தெரியும்?"

கிண்ணத்தைப் பிடுங்கி நானே ஊட்டினேன். பெனி துப்பினாள்.

17 செப்டம்பர், புதன்

போனுக்கு கேபிள் வாங்கினேன். அச்சகத்தில் வேலை முடிந்ததும் கணினியில் உட்கார்ந்தேன். கல்யாணக் கார்டு, நினைவஞ்சலி நோட்டீஸ் எல்லாம் இங்கே என் கைவேலைதான். ரேஷன் கார்டு படத்தை வைத்துச் செத்தவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் பெண்டாட்டி படத்தை ஒரு போனில் ஏற்ற முடியாதா என்ற திமிரோடுதான் ஆரம்பித்தேன்.

சிடியில் இருந்த படத்தை அப்படியே சுருக்கி ஏற்றினேன். ஆஸ்பத்திரி வராந்தா, ட்யூப்லைட், வெள்ளைச் சீருடை. திரையில் வெள்ளை மட்டும் எரிகிறது. முகம் இருந்த இடத்தில் ஒரு மைப்பொட்டு. இந்தப் போன் காட்டும் நிறமே நாலாயிரத்துச் சொச்சம்தான். மனித முகத்துக்கு அது எங்கே போதும்? நெற்றியில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கலர் போன் என்று பெயர் வைத்து விற்கிறவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

மற்ற படங்களும் அப்படித்தான். எல்லாவற்றிலும் கண்ணாடி போட்டிருக்கிறாள். கண்ணாடியில் விளக்கு அடித்துக் கண்ணே தெரியவில்லை. முடியை வேறு கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். அங்கே தண்ணீர் சரியில்லை, கொட்டுகிறது என்று சொன்னாள். மெலிந்து போன மாதிரி தெரிகிறது. கேமராவின் கோளாறாக இருக்கும்.

20 செப்டம்பர், சனி

எங்கள் நிச்சயதார்த்தப் படத்தை ஸ்கேன் செய்தேன். ஸ்டுடியோவில் எடுத்தது. நல்ல வெளிச்சம், நல்ல படம். அதனால்தான் அதை எடுத்தேன், வேறு காரணம் இல்லை.

முதலில் என்னை வெட்டி எறிந்தேன். இரண்டு முகத்துக்கு அந்தத் திரையில் இடமில்லை. பட்டுச் சேலையையும் வெட்டி, நெற்றியிலிருந்து தாடை வரை மட்டும் வைத்துக்கொண்டேன். பின்னால் இருந்த திரைச்சீலையின் மடிப்புகள் போனில் புழு ஊர்வதுபோலத் தெரிந்ததால் மொத்தமாக அழித்து ஒரே நீலமாக்கினேன். நெற்றிப் பட்டையைப் போக்க, நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முன்னால் படத்தின்மேல் பொடிப்பொடியாகப் புள்ளி தூவினேன். பட்டை கலைந்துவிட்டது. கண்ணின் வெள்ளையைக் கூட்டினேன். உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு. கன்னத்துக்கு வெளிச்சம்.

கணினியில் பார்த்தால் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி இருந்தது. போனில் ஏற்றிப் பார்த்தேன். ஐரின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று சிரித்த அதே சிரிப்பு.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார். மனிதர்களுக்கு மரியாதையே கிடையாது.

21 செப்டம்பர், ஞாயிறு

பெனிக்குப் படம் பிடித்துவிட்டது. "அம்மா, அம்மா" என்று முத்தம் கொடுத்துத் திரையெல்லாம் எச்சில். பதினைந்து விநாடியில் விளக்கு அணைந்தால் "அம்மா போச்சு" என்று ஒரே அலறல். விளக்கு அணையாதபடி வைக்க வழி தேடினேன். இல்லை. எவன் செய்தானோ இந்தப் போனை.

25 செப்டம்பர், வியாழன்

ஐரினுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அந்தச் சின்னத் திரையில் அது ஏதோ தூசி ஒட்டியதுபோலத் தெரிகிறது. பெனி நாலு நாளாக அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள். "அம்மாக்க அழுக்கு. போமாட்டேங்குது" என்று ஒரே புகார். திரையில் கீறல் விழுந்துவிடும்.

அச்சகத்துக்குக் கொண்டுபோய் மச்சத்தை எடுத்துவிட்டேன். ஒரு தட்டு தட்டினால் போதும், போய்விடுகிறது. இப்போது முகம் சுத்தமாக இருக்கிறது.

அந்த மச்சத்தைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சரி என்று தலையாட்டினேன் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது வேறு விஷயம். இது போன் திரை.

3 அக்டோபர், வெள்ளி

ஐரின் பேசினாள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு.

"எனக்க போட்டோ வச்சியளா?"

"வச்சாச்சு."

"பிள்ள பாத்தாளா? என்ன சொன்னா?"

"முத்தம் குடுத்தா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைக்கிறேன். பிறகு, "கண்ணாடி போட்டதுதானே? அது பழகட்டு. இப்பம் கழத்த முடியாது, கண்ணு தெரியல்ல" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேள்விமேல் கேள்வி. அவள் அனுப்பிய படங்கள் ஒன்றும் சரியில்லை, வெளிச்சம் அடிக்கிறது, பின்னால் கண்டதும் கிடக்கிறது என்று கத்தினேன். ஜன்னல் பக்கம் நின்று, பின்னால் வெறும் சுவர் வைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி, வெள்ளை உடுப்பு இல்லாமல் எடுத்து அனுப்பச் சொன்னேன். அப்படியெல்லாம் எடுக்க அவளுக்கு எங்கே நேரம் என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

"செரி" என்றாள்.

19 அக்டோபர், ஞாயிறு

பெனிக்குச் சளி. ரசம் வைத்தேன், புளி கூடிவிட்டது. டெய்சி அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஐரின் மாதிரியே இல்லையேலே, காலண்டர் படம் மாதிரி இருக்கு" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்றேன். சோப்புத்தூள் வாங்க வேண்டும்.

13 நவம்பர், வியாழன்

ஐரின் யாரோ ஊருக்கு வருகிறவர்களிடம் இன்னொரு சிடி கொடுத்துவிட்டிருக்கிறாள். ஒரே ஒரு படம்.

நான் சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை. பின்னால் வெறும் சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம். முகம் மட்டும். கருநீலச் சுடிதார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காதபடி தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறாள். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்துதான் இதற்காக நின்றிருப்பாள்.

சுருக்கி ஏற்றினேன். எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. நெற்றியில் பட்டை விழவில்லை. கண் தெரிகிறது, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு தெரிகிறது. வகிட்டுப் பக்கம் நரைத்திருக்கிறது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. மச்சம் மச்சமாகவே தெரிகிறது. அவள் சிரிக்கவில்லை. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி பார்க்கிறாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன சாப்பிடுகிறாள் அங்கே? யார் இவளை இப்படி ஆக்கியது? வீட்டுக்கு மாடி எழுப்பப் பணம் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா?

கேட்டிருக்கலாம். ஞாபகம் இல்லை.

பழைய படத்தையே திரும்ப வைத்தேன். பெனிக்கு அது பழகிவிட்டது. பாதியில் மாற்றினால் பிள்ளை குழம்பிப்போகும்.

14 நவம்பர், வெள்ளி

புதுப் படம் எப்படி வந்திருக்கிறது என்று ஐரின் கேட்டாள். நல்லா வந்திருக்கு என்றேன். அது பொய் இல்லை.

15 நவம்பர், சனி

நேற்றுப் பேசியதை டெய்சி அக்கா கேட்டிருக்கிறாள். காலையில் வந்து கையை நீட்டினாள்.

"நல்லா வந்திருக்குன்னு சொன்னியே, எங்க, காட்டு."

காட்டவில்லை. அவளே பெனியின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். பழைய படம்.

"அவ புதுப் படத்தக் கேட்டதுக்கு இதயா நல்லா வந்திருக்குன்னு சொன்ன? பிள்ளைக்குத்தான் தெரியாது. உனக்குமா அவளப் பாக்கண்டாம்?"

அதற்குமேல் அவள் பேச நான் விடவில்லை. உன் வேலையைப் பார், இனி என் பிள்ளை உன் வீட்டுப் படி ஏறாது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பெனியைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். மத்தியானத்துக்குள் அவள் கல்யாணக் கார்டு ஒரு கட்டின்மேல் மைக்கையை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை பெயர் இருந்த இடமெல்லாம் குட்டிக் கைகள். முதலாளி ஏசினார். நானும் ஏசினேன். பெனி போனை எடுத்து அந்தப் படத்திடம் முறையிட்டாள்.

17 நவம்பர், திங்கள்

பெனியை டெய்சி அக்கா வீட்டில் விட்டேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

20 டிசம்பர், சனி

திருவனந்தபுரம் விமான நிலையம். நான், டெய்சி அக்கா, பெனி. பெனிக்குப் புதுக் கவுன். "அம்மா வருது, அம்மா வருது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டினாள்.

ஐரின் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். எங்களைக் கண்டதும் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்து முழங்காலிட்டுக் கையை விரித்தாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மக்ளே, அம்மா வந்திருக்கேன். வா."

பெனி அவளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். டெய்சி அக்காவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

"இந்த ஆன்ட்டி ஆரு?"

"அம்மாதான் மக்ளே" என்றாள் டெய்சி அக்கா.

"இல்ல. அம்மா இஞ்ச இருக்கு."

பெனி போனை நீட்டினாள். ஐரின் அதை வாங்கினாள். விளக்கு எரிந்த அந்தப் பதினைந்து விநாடியும் பார்த்தாள். அணைந்தபிறகு பெனியின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வேனில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். களியக்காவிளை நெரிசலில் நிற்கும்போது நான் டிரைவரை ஏசினேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

21 டிசம்பர், ஞாயிறு

ஆலயத்துக்கு அவள் வரவில்லை. நானும் போகவில்லை. பெனி டெய்சி அக்காவோடு போயிருந்தாள்.

"போன்ல இருக்க இவள எங்கேருந்து பிடிச்சிய?" என்றாள் ஐரின்.

"நிச்சயத்துக்கு எடுத்ததுதான். நீதான் அது."

"எனக்க மச்சத்த எங்க கொண்டு போட்டிய?"

பிள்ளை சுரண்டுகிறாள், கீறல் விழுந்துவிடும் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"வார்டுல நின்ன காலோட வந்து, குளிச்சு, ஜன்னலத் தொறந்து வச்சு, நீங்க சொன்ன மாதிரியே எடுத்து விட்டேனே. அது?"

"திரையில சரியா வரல்ல. போட்டோ நல்லாயில்ல."

"போட்டோவா நல்லாயில்ல, நானா நல்லாயில்ல?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். இரண்டு வருஷம் பிள்ளை வளர்த்தவன் நான், பீ மூத்திரம் அள்ளியவன் நான், ஊரில் பெயர் இல்லாமல் போனவன் நான் என்று என்னென்னவோ. கடைசியில் அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பெனிக்கு வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"உங்க பேரு போனா திரும்ப வாங்கிக்கலாம். எனக்க பிள்ளைக்கு நான் ஆன்ட்டி. தை மாசம் நான் திரும்பப் போகணும்."

23 டிசம்பர், செவ்வாய்

பெனி அவளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி." அடித்தால்கூட இவ்வளவு வலிக்காது.

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று போனை எடுத்து அந்தப் படத்தை அழிக்கப் போனேன். பெனி பார்த்துவிட்டாள். "அம்மாவ தூரப் போடாத! அம்மாவ தூரப் போடாத!" என்று தரையில் விழுந்து புரண்டாள். மூச்சே நின்றுவிடும்போல இருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த ஐரின் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பிள்ளைக்க அம்மைய அது கண்ணு முன்னால கொல்லுவியளா? அந்தால போங்க."

கிணற்றடியில் போய் நின்றேன். எல்லாரும் சேர்ந்து என்னைக் குற்றவாளியாக்குகிறார்கள் என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன். எழுத வரவில்லை.

24 டிசம்பர், புதன்

அடுக்களையில் முந்திரிக்கொத்து வேலை. டெய்சி அக்கா பயறும் சர்க்கரையும் உருட்டிக் கொடுக்க, ஐரின் மாவில் முக்கி எண்ணெயில் போட்டாள். என்னை அடுப்புக்கு விறகு தள்ள மட்டும் அனுமதித்தார்கள். பெனி வாசற்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐரின் கையைத் துடைத்துவிட்டு அவளிடம் போனாள்.

"பெனி, இந்த அம்மா இஞ்சயே இருக்கட்டு. நான் அழிக்கல்ல. ஆன்ட்டிக்க போட்டோ ஒண்ணு கூட எடுத்து வைக்கலாமா?"

பெனி யோசித்துத் தலையாட்டினாள். ஐரின் போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு தட்டு தட்டினாள். கண்ணாடியில் ஆவி, நெற்றியில் வியர்வை, கன்னத்தில் மாவு. அடுப்புப் புகை வேறு. எனக்குத் தெரியும், அந்த வெளிச்சத்தில் அந்த கேமரா ஒன்றுக்கும் உதவாது.

பெனி படத்தை வாங்கிப் பார்த்தாள். விரலால் திரையைத் துடைத்தாள். பிறகு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நான் விறகை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"போமாட்டேங்குது" என்றாள்.

"என்ன மக்ளே?" என்றாள் ஐரின்.

பெனி எழுந்து நின்று ஐரினின் கன்னத்தைத் தொட்டாள். மாவைத் துடைத்தாள். அது போய்விட்டது. மச்சத்தைத் துடைத்தாள். பிறகு சுரண்டினாள். இன்னும் அழுத்திச் சுரண்டினாள்.

"அம்மாக்க அழுக்கு!" என்று கத்தினாள். தொலைந்துபோன பொம்மை கட்டிலுக்கடியில் கிடைத்த சந்தோஷம். "அத்தை, அம்மாக்க அழுக்கு இஞ்ச இருக்கு!"

"சுரண்டு மக்ளே" என்றாள் ஐரின். "நல்லா சுரண்டு. அது போகாது."

எண்ணெயில் கிடந்த முந்திரிக்கொத்து கருகிற்று. யாரும் எடுக்கவில்லை.

27 டிசம்பர், சனி

ஐரின் எடுத்த படம்தான் இப்போது போனில் முன்னால் நிற்கிறது. பெனியே வைக்கச் சொன்னாள். பச்சையடித்துப்போன படம். முகம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. நெற்றி முழுக்கப் பட்டை. ஒவ்வொரு குறைக்கும் என்னிடம் மருந்து இருக்கிறது. கை அரிக்கிறது.

"அதுல கை வச்சா ஒடிச்சுப் போடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதைத் தவிர என்னிடம் அதிகம் பேசவில்லை.

சாயங்காலம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து பெனிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"நான் ஒண்ணு எடுக்கட்டா?"

சீப்பு நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் நின்று எடுத்து அனுப்பினாளே, அதே பார்வை.

"உள்ளது உள்ளபடி எடுப்பியளா?"

"எடுக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரி என்று நான் சொல்லவும் இல்லை. நரையும் கண்ணாடியும் கழுத்து எலும்பும் மச்சமுமாக, மடியில் பிள்ளையோடு அவள் இருந்தபடியே எடுத்தேன்.